மைனஸ் அண்ணனை நிமிர்த்தி நிறுத்திய கதை

ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழிலில் ஒரு விதி உண்டு. ஃபிரிட்ஜைப் படுக்க வைத்து வண்டியில் கொண்டுவந்தால், இறக்கிய கையோடு மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது. நேராக நிமிர்த்திச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, அதைச் சீண்டாமல் காத்திருக்க வேண்டும். படுத்திருந்தபோது குழாய்களுக்குள் இடம் மாறிப்போன கம்ப்ரஸர் எண்ணெய், சொட்டுச் சொட்டாக இறங்கித் தன் சொந்த இடத்துக்கு வந்துசேர அவகாசம் தேவை. அவசரப்பட்டு ஸ்விட்சைத் தட்டினால் கம்ப்ரஸர் அன்றோடு காலி. இந்த விதியை மைனஸ் அண்ணனைப்போல் நம்பியவர் அந்த நகரத்தில் எவருமில்லை. அதை மனித உடம்புக்கும் நீட்டித்தவர், அனேகமாக உலகத்திலேயே அவர் ஒருவர்தாம்.

மைனஸ் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. உறைகுளிர்ப் பெட்டிகளில் அவர் கைதேர்ந்தவர். எந்தப் பெட்டியைத் திறந்தாலும், "மைனஸ் பதினெட்டு வந்துடுச்சா?" என்று கேட்டபடியேதான் தலையை உள்ளே நீட்டுவார். அந்தக் கேள்வியின் முதற்சொல்லைத் தெருவார் பிய்த்தெடுத்து அவர்மீதே ஒட்டிவிட்டனர். நாளடைவில் அவருடைய இயற்பெயர் வங்கிக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் மட்டும் தெரிந்த இரகசியமாயிற்று.

நாற்பத்தாறு வயது, அகன்ற தோள், எதற்கும் அசையாத நடை. இளமையில் ஒரு ஃபிரிட்ஜ் விற்பனைக் கூடத்தில் சுமைதூக்கியாகச் சேர்ந்தவர். முதுகில் சுமந்த பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறதென்று பார்க்கும் ஆசையில் ஒன்றைத் திறந்தார். அத்துடன் அவர் வாழ்க்கை முடிவாகிவிட்டது. சொந்தப் பட்டறை வைத்தார். பட்டறைக்கு மேலேயே வீடு. அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் அவருமாக மூன்று பேர். திருமணம் செய்துகொள்ள மூவருக்குமே நேரம் வாய்க்கவில்லை.

அக்கா தொலைபேசிக்குப் பொறுப்பு. "ஃபிரிட்ஜ் பக்கத்துல போனைக் கொண்டுபோய் வைங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பார், பிறகு, "தம்பி, இது விசிறி. ஸ்க்ரூடிரைவர் போதும்" என்று மைனஸிடம் தீர்ப்பளிப்பார். தம்பி வண்டியும் சுமையும் பார்த்துக்கொள்வான். இம்மூவரும் வீட்டில் பேசிக்கொள்வதும் பட்டறை மொழியிலேயே. காய்ச்சல் வந்தால் "தெர்மாஸ்டாட் போச்சு", சினிமா பார்த்து அக்கா அழுதால், "அக்கா டீஃப்ராஸ்ட் ஆகுது, துணி கொண்டா."

இப்படிக் குளுகுளுவென்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஐஸ்கிரீம் கடை அம்மாள் வந்துசேர்ந்தார்.

கடை, சந்தைத் தெருவின் முனையில் இருந்தது. கண்ணாடி முகப்புள்ள நீண்ட ஃப்ரீசர். அதற்குள் அவரே தம் கையால் செய்த ஐஸ்கிரீம், வரிசை வரிசையாக. ஒரு கோடைப் பிற்பகலில் அந்த ஃப்ரீசர் மூச்சை நிறுத்திக்கொண்டது. மைனஸ் ஓடிவந்து, ஒரு கரண்டிகூட உருகாமல் காப்பாற்றினார். அந்த நிமிடத்திலிருந்து, வேறெந்த ஃப்ரீசருக்கும் கிட்டாத கவனிப்பு அதற்குக் கிட்டலாயிற்று.

"போன வாரம்தானே வந்து பார்த்தீங்க?" என்பார் அம்மாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"கதவு ரப்பர் கொஞ்சம் சோகமா இருந்த மாதிரி இருந்துச்சு, மேடம்."

"ரப்பரா, நீங்களா?"

மைனஸ் ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொள்வார். அங்கேதான் முகம் சிவந்தது வெளியே தெரியாது. வேலை முடிந்ததும் அம்மாள் ஒரு கிண்ணம் நீட்டுவார். அவர் முதலில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார்.

"ருசி எப்படி?"

"மைனஸ் பன்னிரண்டு, மேடம். அபாரம்."

தம் எண்ணத்தை வெளியிடும் நாளில், கண்ணாடி முன்பு ஒத்திகை பார்த்த சொற்கள் அனைத்தும் ஆவியாகிவிட்டன. வாயில் மிஞ்சியது தொழிற்சொல்தான். "மேடம், ஃப்ரீசருக்கு நாம வருஷா வருஷம் ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் போடறோம்ல... அதே மாதிரி உங்களுக்கும் எனக்கும்... ஆனா இது வருஷா வருஷம் இல்ல... மொத்தமா..."

அம்மாள் சிரிக்கவில்லை. கரண்டியைத் தண்ணீரில் அலசி, துடைத்து, அதன் இடத்தில் மாட்டினார். "பராமரிப்பு ரொம்பப் பண்ணியாச்சுங்க. எங்க வீட்டுக்காரர் கடைசி ஆறு வருஷம் படுக்கை. நான் ஒருநாள் முகம் சுளிச்சதில்ல. ஆனா இன்னொரு கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார இனி என்னால ஆகாது. கல்நெஞ்சக்காரின்னு நினைச்சாலும் நினைச்சுக்கங்க."

"எனக்கு ஒரு ஜலதோஷம்கூட வராது, மேடம்! எப்பவும் குளிர்லயே கிடக்கறவன். கிருமியே கிட்ட வராது!"

அம்மாளின் உதட்டோரம் சற்றே இளகியது. "வர்ற திங்கட்கிழமை கடை லீவு. வீட்டுக்கு வரேன். உங்க அக்காவையும் பார்த்த மாதிரி இருக்கும். பதிலை அங்க சொல்றேன்."

மைனஸ் கடையைவிட்டு வெளியே வந்தபோது தெருவில் கால் பாவவில்லை. எதிரே வந்த மிதிவண்டிக்காரருக்குக் காரணமின்றி வணக்கம் சொன்னார். அன்று மாலை ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நான்கு கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை நகர்த்த வேண்டியிருந்தது. "அண்ணே, இரு, நான் அந்தப் பக்கம் பிடிக்கறேன்" என்று தம்பி சொல்லி வாயை மூடுவதற்குள், மைனஸ் மகிழ்ச்சியின் வேகத்தில் அதைத் தனியாளாகத் தூக்கிவிட்டார். ஃபிரிட்ஜ் மேலெழும்பியது, அடிவயிற்றில் ஏதோ ஒன்று கீழிறங்கியது.

குடலிறக்கம் என்றார் மருத்துவர். மறுநாளே அறுவை செய்துவிடுவது நல்லது என்றார். மைனஸ் முதலில் நினைத்தது திங்கட்கிழமையைத்தான். "அதுக்குள்ள நான் நிக்க முடியுமா, டாக்டர்?" என்று கேட்டார். "தாராளமா நிக்கலாம்" என்றார் மருத்துவர். அது போதுமாயிருந்தது. ஐஸ்கிரீம் கடைக்கு, வெளியூரில் குளிர்கிடங்கு வேலை என்று செய்தி போயிற்று. அக்காவும் தம்பியும் சத்தியம் செய்யாத குறையாக வாயை இறுக்கிக்கொண்டனர்.

அறுவைக் கூடத்தில் முதுகில் ஊசி போட ஓர் அம்மையார் வந்தார், மயக்கமருந்து மருத்துவர். மைனஸைக் கட்டிலில் குனிந்து உட்காரச் சொன்னார்.

"ஊசி எத்தனை கேஜ், டாக்டர்?"

"ஏன், நீங்களும் டாக்டரா?"

"இல்லீங்க. ஃபிரிட்ஜ்."

"அப்ப ஃபிரிட்ஜ் கொஞ்சம் ஆடாம உட்காரட்டும்."

ஆனால் மைனஸுக்குத் தொழில் ஆர்வம். இவ்வளவு மெல்லிய குழாயில் மருந்து எப்படி இறங்குகிறதென்று பார்த்துவிடும் ஆசையில் சரியாகக் குத்தும் நேரத்தில் திரும்பினார். மருத்துவர் அதட்டிவிட்டு, மறுபடியும் குத்தினார். மற்றபடி அறுவை சுகமாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, "நல்லாப் படுத்து ஓய்வெடுங்க. நிறையத் தண்ணி குடிங்க. தலை வலிச்சா உடனே போன் பண்ணுங்க" என்றார் செவிலியர். மைனஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலைக்குள் அப்போது திங்கட்கிழமையைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

உட்கார்ந்தால் தையல் இழுக்கிறதென்று, பட்டறை வண்டியின் பின்புறத்தில் போர்வைகளை விரித்து அவரைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தான் தம்பி. ஃபிரிட்ஜ்களுக்கு விரிக்கும் அதே போர்வைகள்.

மறுநாள் காலையில் முகம் கழுவ எழுந்தார். நாலடி நடப்பதற்குள் பின்னந்தலையில் பாறாங்கல்லை ஏற்றிவைத்தாற்போல் ஒரு வலி. அது கழுத்தில் இறங்கி, நெற்றிக்குத் தாவி, கண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டு உதைத்தது. காதுக்குள் பழைய கம்ப்ரஸர் ஒன்று ரீங்காரமிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் சாய்ந்தார். ஸ்விட்சை அணைத்தாற்போல் வலி நின்றது. எழுந்தார், வந்தது. படுத்தார், போயிற்று.

வேறொருவராயிருந்தால் படுத்தே கிடந்திருப்பார். மைனஸ் தொழிலாளி, அவர் காரணத்தை ஆராய்ந்தார்.

"அக்கா! தம்பி! இங்க வாங்க. புரிஞ்சுபோச்சு!" என்று படுத்தபடியே கத்தினார். "என்னை எப்படிக் கொண்டுவந்தான் இவன்?"

"படுக்க வச்சு" என்றான் தம்பி.

"வந்ததும் என்ன பண்ணினேன் நான்?"

"படுத்துத் தூங்கின."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அறையில் ஓர் அச்சம் பரவியது.

"நிமிர்த்தி வைக்கவே இல்லையேடா!" என்று அக்கா வாயில் கையை வைத்தார்.

"அதான்! உள்ள இருக்கற தண்ணி, எண்ணெய் எல்லாம் தலைக்கு ஏறி நிக்குது. நிமிர்ந்து நின்னாத்தான் இறங்கும்."

"ஆனா படுத்தா வலி நிக்குதுங்கறியே, அண்ணே?"

"மோட்டாரை அணைச்சா சத்தம் நிக்கும். அதுக்காக ரிப்பேர் சரியாப்போச்சுன்னு வாடிக்கையாளர்கிட்ட பணம் வாங்குவியா நீ?"

தம்பி வெட்கித் தலைகுனிந்தான். அக்கா மைனஸின் மண்டையில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒரு சத்தமும் இல்லையேடா."

"எனக்குக் கேக்குதே, அக்கா."

"அப்ப உள்பக்கக் கோளாறுதான்" என்று உறுதி செய்தார் அக்கா.

சிகிச்சை தொடங்கிற்று. ஆனால் வலியோடு ஒரு மனிதனால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? முழங்கால் மடங்கும், குமட்டும், அவரையறியாமல் கட்டிலை நோக்கிச் சரிவார். அப்போது தம்பிக்கு ஒரு யோசனை உதித்தது. கீழே போய் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு சக்கரமும் ஒரு தட்டும் உயரமான முதுகும் உள்ள வண்டி அது. எத்தனையோ ஃபிரிட்ஜ்களை மாடி ஏற்றியது. மைனஸைத் தட்டின்மேல் நிற்கவைத்து, தையலில் படாமல் நெஞ்சோடு சேர்த்துப் பெல்ட்டைப் போட்டு இறுக்கினான்.

"மூலையில இடிக்காம தள்ளுடா" என்றார் அக்கா, பழக்கதோஷத்தில்.

அப்படியே அவரைச் சுவரோரம் நிறுத்தினர். வலி குறையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் பச்சையாயிற்று; அவிழ்த்துப் படுக்கவைத்தனர்; மலர்ந்தது. "ஏமாத்து வேலை, இந்த மலர்ச்சியை நம்பாதீங்க" என்று மைனஸே எச்சரித்தார். மீண்டும் கட்டினர்.

அக்கா உறிஞ்சு குழாய் போட்டுக் காப்பி கொடுத்தார். குடித்தபின் வலி சற்றே தணிந்தது. "சூடு பட்டதும் எண்ணெய் இளகுது!" என்று மூவரும் ஆனந்தப்பட்டனர். அதுமுதல் காப்பிமேல் காப்பி. அதனால் தூக்கமும் போயிற்று. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லலாமா என்று தம்பி ஒருமுறை கேட்டான். "அவங்களுக்கு உடம்புதான் தெரியும். இது போக்குவரத்துக் கோளாறு" என்று சொல்லி மைனஸ் மறுத்துவிட்டார். அது மட்டும் காரணமன்று. மருத்துவமனை என்றால் கட்டில். கட்டில் என்றால் பக்கத்தில் ஸ்டூல். அந்த ஸ்டூலைக் கண்டால் ஐஸ்கிரீம் கடை அம்மாள் வந்த வழியே திரும்பிப் போய்விடுவாரென்று அவருக்குத் தோன்றியது. திங்கட்கிழமை தாம் நின்றாக வேண்டும், வேறெதுவும் பேச்சில்லை.

திங்கட்கிழமையும் வந்தது. வலி போகவில்லை.

"பெல்ட்டுக்கு மேல சட்டையைப் போட்டுட்டா?" என்றான் தம்பி.

இருப்பதிலேயே பெரிய சட்டை தேர்ந்தெடுக்கப்பட்டது. மைனஸ் டிராலியில் ஏற்றப்பட்டார்; பெல்ட் மாட்டப்பட்டது; அதன்மேல் சட்டை; சட்டைக்குமேல் அக்காவின் கைவேலையாகத் தலைவாரலும் பவுடரும். டிராலியின் முதுகை மறைக்க ஒரு திரைச்சீலை தொங்கவிடப்பட்டது. முன்புறமிருந்து பார்த்தால், திரைக்கு முன்னால் கம்பீரமாக ஒரு மனிதர் நிற்பதுபோலவே இருந்தது. திரைக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி தம்பி ஒளிந்துகொண்டான்.

"சிரிடா" என்றார் அக்கா.

"சிரிச்சா நெத்தியில குத்துது."

"குத்தினாலும் சிரி. வாழ்நாள் விஷயம்."

அழைப்பு மணி அடித்தது. அம்மாள் உள்ளே வந்தார். கையில் ஒரு சிறு டப்பா ஐஸ்கிரீம். அக்கா அதை இரு கைகளாலும் வாங்கி, வீட்டிலிருந்த மூன்று ஃபிரிட்ஜ்களில் எதில் வைப்பதென்று தடுமாறி, கடைசியில் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேலையெல்லாம் முடிஞ்சுதா வெளியூர்ல?" என்று அம்மாள் மைனஸைப் பார்த்துக் கேட்டார்.

"முடிஞ்சுது, மேடம்."

"எந்த ஊர்?"

"குளிரா இருந்துச்சு, மேடம்."

அம்மாள் புருவத்தை உயர்த்தினார். "உட்காருங்களேன். ஏன் நிக்கறீங்க?"

"நின்னாத்தான் எனக்கு வசதி. பொதுவா நான் நிக்கறவன்தான்."

"அவன் சின்ன வயசுலருந்தே நிப்பான்" என்று அக்கா துணைக்கு வந்தார். "தொட்டில்லயே நின்னவன்."

மைனஸின் நெற்றியில் வேர்வை பூத்துப் பவுடரில் கோடு கிழித்தது. காதுக்குள் ரீங்காரம் உச்சத்துக்கு ஏறியது. அம்மாளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. "நான் யோசிச்சுப் பார்த்தேன்" என்று அம்மாள் தொடங்கினார். எதற்காக அத்தனை நாளும் காத்திருந்தாரோ அந்தப் பேச்சு! மைனஸ் பல்லைக் கடித்தார். கண் இருண்டது. தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது; டிராலியும் உடன் சாய்ந்தது.

திரைக்குப் பின்னாலிருந்த தம்பிக்குக் கண்ணால் எதுவும் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. சுமை சரிகிறது! சுமைகாரன் யோசிப்பதில்லை. டிராலியைச் சட்டென்று தன் பக்கமாக இழுத்துப் படுக்கைவாக்கில் சாய்த்தான். திரைச்சீலை கழன்று அவன் தலைமேல் விழுந்தது. நின்றிருந்த மைனஸ், காலைத் தட்டில் ஊன்றியபடி கூரையைப் பார்த்து மல்லாந்தார்.

அந்தக் கணமே வலி பறந்தது. மைனஸின் முகத்தில் எவராலும் அடக்கமுடியாத ஒரு சிரிப்பு மலர்ந்தது.

"ஆஹா! சொல்லுங்க, மேடம்!" என்றார்.

அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். டிராலியைப் பார்த்தார், சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த பெல்ட்டைப் பார்த்தார், திரைச்சீலைக்குள் அசைந்த உருவத்தைப் பார்த்தார். "யாருங்க அது?"

"தம்பிங்க" என்றது திரைச்சீலை. "வணக்கம்."

"தம்பி, அண்ணனை நேரா நிமிர்த்துங்க."

நிமிர்த்தினான். மைனஸின் முகம் புளியைக் கடித்தாற்போல் சுருங்கிற்று.

"சாய்ங்க."

சாய்த்தான். மலர்ந்தது.

"நிமிர்த்துங்க." சுருங்கிற்று. "சாய்ங்க." மலர்ந்தது.

ஆறு ஆண்டுகள் மருத்துவமனை வராந்தாக்களில் நடந்தவர் அம்மாள். இதைப் பக்கத்துக் கட்டில்களில் பார்த்திருந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"முதுகுல ஊசி போட்டாங்களா?"

அக்கா மடியிலிருந்த டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன். ஆபரேஷன் நடந்துச்சா இல்லையா?"

"சின்னது, மேடம்" என்றார் மைனஸ் மேற்கூரையைப் பார்த்து. "குடலிறக்கம். சந்தோஷத்துல ஒரு ஃபிரிட்ஜைத் தூக்கிட்டேன்."

"ஆஸ்பத்திரியில படுத்து ஓய்வெடுக்கச் சொல்லலையா?"

"சொன்னாங்க. ஆனா பாருங்க, படுக்க வச்சுக் கொண்டுவந்ததை நிமிர்த்தித்தானே வைக்கணும்? எண்ணெய் இறங்கணும்ல?"

அம்மாளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அக்கா பதறி எழுந்தார். அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார், மூச்சுத் திணறும்வரை, கண்ணில் நீர் வழியும்வரை, தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். "மனுஷனை... டிராலியில... பவுடர் போட்டு..." என்று விட்டுவிட்டுச் சொன்னார். முதலில் தம்பி சிரித்தான், பிறகு அக்கா, சாய்ந்திருந்த மைனஸும் தம் தையலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இழுக்குது, ஐயோ" என்றபடியே சிரித்தார்.

ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் அம்மாளின் முகம் மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டியை எடுங்க, தம்பி. போர்வையை விரிங்க. இப்பவே ஆஸ்பத்திரி" என்றார்.

மைனஸுக்குப் பதில் என்னவென்று கேட்கத் துணிவில்லை. வண்டியில் அவர் படுத்திருக்க, அருகே மாற்றுச் சக்கரத்தின்மேல் அம்மாள் உட்கார்ந்து வந்தார். எந்தக் காட்சியைத் தவிர்ப்பதற்காக அத்தனை பாடுபட்டாரோ, அது வண்டிக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

ஊசி போட்ட அதே மருத்துவர் வந்தார். நடந்ததைக் கேட்டுத் தம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தலைக்கு ஒண்ணும் ஏறலைங்க. இறங்குது! மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஒரு உறை இருக்கு, உள்ள தண்ணி இருக்கு. ஊசி போட்ட ஓட்டை சில பேருக்கு உடனே மூடிக்கறதில்ல. அது வழியாத் தண்ணி கசியுது. நிமிர்ந்தா அழுத்தம் குறைஞ்சு தலை வலிக்கும். படுத்தா வலிக்காது."

மைனஸ் கட்டிலில் படுத்தவாறே கண்களை அகல விரித்தார். "லீக்கா?"

"லீக்தான்."

"கேஸ் லீக் மாதிரி!"

"கிட்டத்தட்ட. நிறையப் பேருக்குப் படுத்திருந்து, தண்ணி, காப்பி குடிச்சு, வலி மாத்திரை போட்டாலே தானா அடைஞ்சிடும். காப்பி குடிச்சீங்களா?"

"குடம் குடமா" என்றார் அக்கா.

"அந்த ஒண்ணு மட்டும் சரியாப் பண்ணியிருக்கீங்க. ஆனா இவர் நின்னே கிடந்து உடம்பை வாட்டிக்கிட்டார். வலியும் இவ்வளவு பலமா இருக்கு. இவர் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, முதுகுல அந்த ஓட்டைகிட்டச் செலுத்தலாம். அது உறைஞ்சு ஒட்டாப் பிடிச்சுக்கும்."

"என் ரத்தமே ஒட்டா?" மைனஸுக்கு மெய்சிலிர்த்தது. "வெல்டிங் வேண்டாம், பசை வேண்டாம், சொந்தச் சரக்கு! தம்பி, கேட்டியாடா? லீக்கை அடைக்காம சும்மா கேஸ் ஏத்திப் பிரயோஜனமே இல்லைன்னு நான் எத்தனை வீட்டுல சொல்லியிருப்பேன்! இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, டாக்டர்?"

"நீங்க முன்னாடியே போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றார் மருத்துவர். "இந்தத் தடவை மட்டும் திரும்பிப் பார்த்தீங்க, உங்களையே டீப் ஃப்ரீசர்ல வச்சிடுவேன்."

மைனஸ் திரும்பவில்லை. மூச்சுகூட அளந்து விட்டார். ஒட்டுப் போட்டு முடித்தபின், அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், அதற்குப்பின் மெல்ல எழலாம் என்று சொல்லிவிட்டு மருத்துவர் போனார். தம்பி வண்டியை ஒழுங்காக நிறுத்தப் போனான். அக்கா, உருகிக்கொண்டிருந்த டப்பாவோடு, கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்; ஆனால் காதை உள்ளேயே விட்டுவிட்டுத்தான் போனார்.

அறையில் இருவரும் தனித்திருந்தனர். கட்டிலருகே ஸ்டூல் ஒன்று இருந்தது. அம்மாள் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் ஜன்னலோரம் நின்றார்.

"மேடம்" என்றார் மைனஸ் மேற்கூரையிடம். "நான் பொய் சொன்னது தப்பு. நீங்க பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போன காட்சியை மறுபடியும் காட்டக் கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணினேன். இப்ப அதையே காட்டிட்டேன். நீங்க போறதுன்னா போங்க. ஃப்ரீசரை மட்டும் நான் வந்து பார்த்துக்கறேன். அதுக்குப் பணம் வேண்டாம்."

"ஃப்ரீசரை இப்ப யார் கேட்டா?" அம்மாள் வெடுக்கென்று திரும்பினார். "உடம்பு முடியலைன்னா முடியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? என் வீட்டுக்காரர் ஆறு வருஷம் படுத்திருந்தாரே, அது எனக்குப் பாரமாத் தெரியலைங்க. வலிக்குதான்னு கேட்டா, 'இல்ல'ம்பார். பசிக்குதான்னா, 'இல்ல'ம்பார். ஆறு வருஷமும் நான் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஊகிச்சேன். அந்த ஊகம்தான் என்னைக் கொன்னுச்சு. அதனாலதான் ஸ்டூல் வேண்டாம்னேன். அதையே நீங்களும் ஆரம்பிச்சா எப்படி? ஒரு சின்னத் தலைவலிக்கு!"

"சின்னதில்லைங்க" என்றார் மைனஸ் மெல்ல. "உயிர் போச்சு. நீங்க பேசினதுல பாதி காதுலயே விழலை. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அழுகைகூட வந்துச்சு. அக்கா பவுடர் போட்டிருந்ததால தெரியலை."

"ம்" என்றார் அம்மாள். "இப்படிச் சொல்லத் தெரியுதே."

குறித்த நேரம் கடந்ததும் மருத்துவர் வந்து, "மெதுவா எழுந்திருங்க" என்றார். மைனஸ் முதலில் பக்கவாட்டில் திரும்பினார், கையை ஊன்றினார், உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, அடிக்கு அஞ்சும் பிள்ளையைப்போல் தோளை உயர்த்திக்கொண்டு, வலிக்காகக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. நின்றார். ரீங்காரமும் இல்லை, பாறாங்கல்லும் இல்லை. முதுகில் மட்டும் ஒரு மெல்லிய பிடிப்பு இருந்தது.

"வரல!" என்றார். "டாக்டர், வரல! அக்கா! நிமிர்ந்து நிக்கறேன், பெல்ட் இல்லாம நிக்கறேன்!" அறையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தம் கால்களைப் பார்த்தார். உலகம் முழுவதும் செங்குத்தாக இருந்தது. அவருக்கு அது போதையூட்டியது. கதவு நிலையைத் தட்டிப் பார்த்தார். மருத்துவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க எங்க தொழிலுக்கு வந்திருக்கணும், டாக்டர்!"

"குனியாதீங்க, எதையும் தூக்காதீங்க" என்று மருத்துவர் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். "சில வாரத்துக்கு ஒரு பால் பாக்கெட்டுக்கு மேல கையில எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்! தம்பி எடுப்பான்!"

ஜன்னலோரமிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப பதில் வேண்டாமா?"

மைனஸ் உறைந்து நின்றார். அந்தக் களிப்பில் அதை மறந்தேபோயிருந்தார். கதவிடுக்கில் அக்காவின் முகம் முழுதாகவே உள்ளே வந்துவிட்டது.

"வே... வேணும், மேடம்."

"எனக்குச் சம்மதம்" என்றார் அம்மாள். "ஆனா தலை வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். பயமா இருந்தா பயம்னு சொல்லணும். மேடம்னு கூப்பிடறதை நிறுத்தணும்."

"சரிங்க, மே..." மைனஸ் விழுங்கிக்கொண்டார். அக்கா அங்கேயே டீஃப்ராஸ்ட் ஆனார்.

தம்பியும் வந்துசேர, நால்வரும் வராந்தாவில் இறங்கினர். சக்கர நாற்காலி தருவதாகச் செவிலியர் சொன்னதற்கு, மைனஸ் வேண்டாமென்று கைகூப்பினார். அம்மாள் அவருக்குப் பக்கத்தில் நடந்தார், ஆனால் தொடவில்லை.

"கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டேன். நீங்களே நடங்க. விழப்போனா மட்டும் பிடிக்கறேன்."

மைனஸ் நடந்தார். கால் சிறிதும் பின்னவில்லை. அளவெடுத்து வைத்தாற்போல் ஒவ்வோரடியும் உறுதியாக விழுந்தது. வராந்தாவோ நீண்டுகொண்டே போயிற்று. அவருடைய நடையில் ஒரு குறைகூட இல்லை. இவ்வளவு நேர்த்தியாக நடப்பதற்காக அவர் வாழ்நாளில் முதன்முறையாக வருந்தினார்.

பின்னால் வந்துகொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"டேய், கொஞ்சம் தடுமாறேண்டா!"

மைனஸ் தடுமாறினார். நாடகக்காரரல்லர் ஆகையால் மிகவும் மோசமாகத் தடுமாறினார். இல்லாத படியொன்றில் கால் இடறியதாகப் பாவனை செய்தார். எதிரே வந்த செவிலியர்கூட நம்பவில்லை.

"இது பொய்" என்றார் அம்மாள்.

"ஆமாங்க" என்று உடனே ஒப்புக்கொண்டார் மைனஸ். "சுத்தப் பொய்."

"பரவாயில்ல, ஒத்துக்கிட்டீங்க" என்று சொல்லி, அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.